கடன் முடிந்த பிறகு வீட்டு வரவு செலவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனிநபர் கடன், நகைக்கடன், வண்டிக் கடன் என்று ஆண்டுக்கணக்கில் தவணை கட்டி, ஒருவழியாக எல்லாவற்றையும் அடைத்து முடித்த குடும்பங்கள் அதன் பிறகு கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன. கடனை அடைக்க வழி சொல்பவர்கள் பலர். அடைத்த மறுமாதம் சம்பளம் வந்ததும் என்ன செய்வது என்று சொல்பவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் மாத வருமானத்தில் நடக்கும் நடுத்தரக் குடும்பத்தை மனத்தில் வைத்தே இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன.

கடைசித் தவணையும் கட்டியாகிவிட்டது. இனி நேராக வரவு செலவுத் திட்டம் போட உட்காரலாமா?

சில நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். கடன் உங்கள் மனத்தில் முடிந்துவிட்டது; கொடுத்தவரின் கணக்கிலும் முடிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பாக்கி எதுவும் இல்லை என்று கடன் கொடுத்த நிறுவனம் தரும் சான்றிதழை எழுத்துவடிவில் வாங்கிக்கொள்ளுங்கள். தாமதக் கட்டணம், தவணை திரும்பியதற்கான அபராதம் என்று நூறு, இருநூறு ரூபாய் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், அது உங்களுக்குத் தெரியாமலே வளர்ந்து, பின்னாளில் வேறொரு கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தலைகாட்டும். மாதத் தவணையைத் தானாகப் பிடித்துக்கொள்ள வங்கியில் கொடுத்திருந்த ஒப்புதல் ரத்தாகிவிட்டதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வண்டிக் கடன் என்றால், ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் கடன் நிறுவனத்தின் பெயரை, அந்நிறுவனம் கையொப்பமிட்டுத் தரும் படிவம் 35-ஐக் கொண்டு நீக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்கள் வண்டியை விற்கப் போகும் நாளில்தான் அலைகிறார்கள்.

வீட்டுக் கடனில் வேலை கொஞ்சம் கூடுதல். அசல் பத்திரங்களைக் கடன் முழுவதும் அடைபட்ட 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து, பதிவு செய்யப்பட்ட அடமானத்தையும் நீக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. தாமதத்துக்குக் கடன் கொடுத்த நிறுவனமே காரணம் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. பத்திரம் கைக்கு வந்ததோடு நின்றுவிடாமல், அடமானம் ரத்தான ரசீது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, வில்லங்கச் சான்றிதழில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' என்று இருப்பதற்கும் 'செட்டில்டு' என்று இருப்பதற்கும் வேறுபாடு உண்டா?

நிறைய உண்டு. முழுத் தொகையையும் கட்டி முடித்த கடன் 'குளோஸ்டு'. பேரம் பேசி, ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யவைத்து முடித்த கடன் 'செட்டில்டு'. இது அடுத்த கடன் கொடுப்பவருக்கு எச்சரிக்கையாகவே தெரியும். நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். கடன் முடிந்து இரண்டு மாதம் கழித்து அதைப் பாருங்கள். தவறு இருந்து புகார் செய்தால் 30 நாளில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். கடனை முடித்த பிறகு அந்த அறிக்கையில் உள்ள கடன் மதிப்பெண் சில புள்ளிகள் இறங்கினால் பதற வேண்டியதில்லை.

மாதம் 17,000 ரூபாய் தவணை கட்டிக்கொண்டிருந்தோம். இப்போது அந்தப் பணம் முழுவதும் மிச்சம்தானே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அந்தப் பதினேழாயிரத்தில் பெரும்பகுதி மிச்சமே இல்லை. அது ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம். எந்த மாதத்தில் செலவாகும் என்பதை மட்டும் நாம் எழுதி வைக்கவில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கணவன், மனைவி இருவரின் வருமானமும் சேர்ந்து கைக்கு வருவது மாதம் 58,000 ரூபாய். மளிகை, காய்கறி, பால், மின்சாரம், பெட்ரோல், கைபேசி, மருந்து, சில்லறைச் செலவு எல்லாம் சேர்ந்து 41,000. மீதி 17,000 இதுவரை தவணைக்குப் போனது. இப்போது இந்தக் குடும்பத்தின் ஆண்டுச் செலவுகளை எழுதுவோம்: இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம் 54,000, தீபாவளி 20,000, பொங்கல் 6,000, மொய், சீர் 18,000, இரண்டு வண்டிகளின் காப்பீடும் பழுதும் 8,000, மருத்துவக் காப்பீடு 18,000, ஆயுள் காப்பீடு 9,000, சொத்து வரியும் குடிநீர் வரியும் 4,000, மோட்டார், குழாய், மேற்கூரை என்று வீட்டுப் பராமரிப்பு 7,000, குலதெய்வக் கோயிலுக்குப் போய் வர 6,000. மொத்தம் 1,50,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 12,500. ஆக, பதினேழாயிரம் மிச்சம் என்று நினைத்த குடும்பத்துக்கு உண்மையில் மிஞ்சுவது 4,500 ரூபாய்.

இந்தப் பட்டியலில் எதிர்பாராத செலவு ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும். ஐப்பசியில் தீபாவளி வரும். இருந்தும் நம் வீடுகளில் தனிநபர் கடனும் நகை அடகும் பெரும்பாலும் இந்த நாள் தெரிந்த செலவுகளுக்காகவே தொடங்குகின்றன. மாத பட்ஜெட் மட்டும் போடும் வீட்டில் இவற்றுக்கு இடமே இருப்பதில்லை. மே மாதம் வரை கணக்கு சரியாக வரும், ஜூனில் கம்மலும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகும். கடன் முடிந்த குடும்பம் ஓரிரு ஆண்டில் மறுபடி கடனில் நிற்பதற்கு நான் பார்த்தவரை ஊதாரித்தனத்தைவிட இதுவே பெரிய காரணம். எனவே முதலில் ஆண்டுக் கணக்கைப் போடுங்கள். மாதக் கணக்கு அதிலிருந்து பிறக்கட்டும்.

ஆண்டுச் செலவுகளின் பட்டியலை எப்படித் தயாரிப்பது? எங்களுக்கு எதுவுமே நினைவில்லை.

நினைவை நம்பாதீர்கள். வங்கிக் கணக்கின் கடந்த பன்னிரண்டு மாதப் பதிவை எடுத்து, வழக்கமான மாதச் செலவுகளை அடித்துவிட்டு, எஞ்சுவதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். கைபேசி வழியாகவே பணம் கொடுக்கும் இக்காலத்தில் மறந்த செலவுகூட அதில் அகப்பட்டுவிடும். அத்துடன் பழைய நகைக்கடன் ரசீதுகளையும் எடுத்துப் பாருங்கள். எந்தத் தேதியில் நகை அடகுக்குப் போனது, அந்த வாரம் வீட்டில் என்ன செலவு வந்தது என்று பொருத்திப் பார்த்தால், உங்கள் குடும்பம் எந்த மாதத்தில் தடுமாறும் என்பது தெரிந்துவிடும்.

மாதச் செலவு போலத் தோன்றும் சிலவும் இந்தப் பட்டியலில் சேர வேண்டியவை. நம் மாநிலத்தில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும், கோடையில் ஏ.சி. ஓடும் வீட்டில் அந்த ஒரு பில்லே மாதக் கணக்கைக் கலைத்துவிடும். சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் சலுகை உண்டு; அந்த மாதங்களில் பணம் தயாராக இருந்தால்தான் அது கிடைக்கும்.

இந்த 12,500 ரூபாயை எங்கே வைப்பது? கையில் இருந்தால் செலவாகிவிடுகிறதே?

செலவாகத்தான் செய்யும். அதனால்தான் அதைத் தவணை மாதிரியே நடத்த வேண்டும் என்கிறேன். ஐந்தாம் தேதி தவணை பிடிக்கப்பட்டு வந்தது என்றால், அதே ஐந்தாம் தேதி, 12,500-உடன் மிஞ்சும் 4,500-ஐயும் சேர்த்து அதே 17,000 ரூபாய், சம்பளக் கணக்கிலிருந்து வேறொரு வங்கியில் உள்ள சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகுமாறு ஏற்பாடு செய்யுங்கள். அந்த இரண்டாவது கணக்கைக் கைபேசியின் பணப் பரிமாற்றச் செயலியில் இணைக்காதீர்கள்; ஏ.டி.எம். அட்டையையும் பீரோவில் வைத்துவிடுங்கள். தவணை இல்லாமல் ஒரு மாதச் சம்பளத்தைச் செலவழித்துப் பழகிவிட்ட குடும்பத்தை மறுபடி 41,000 ரூபாய்க்குள் கொண்டுவருவது கடினம். ஆகையால் கடன் முடிந்த மறுமாதமே இதைத் தொடங்குவது முக்கியம்.

மாதந்தோறும் ஒரே தொகையைக் கட்டும் வங்கியின் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்பும் (ஆர்.டி.) இதற்கு ஏற்றது. ஜூன் கட்டணத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று முதிர்வு மாதத்தைப் பொருத்தித் தொடங்கலாம். அஞ்சலகத் தொடர் வைப்பு ஐந்து ஆண்டுக்கானது, மூன்று ஆண்டு முடியும் முன் அதை முடிக்க முடியாது என்பதால் ஆண்டுச் செலவுக்கு அது ஒத்துவராது.

அவசரத்துக்கு எவ்வளவு வைத்திருக்க வேண்டும்?

வருமானம் நின்றாலும் நிறுத்த முடியாத செலவுகளை மட்டும் கூட்டி, அதன் மூன்று மடங்கை முதல் இலக்காக வையுங்கள். மேலே சொன்ன குடும்பத்தில் அது மாதம் 32,000 என்று கொண்டால் இலக்கு 96,000 ரூபாய். மாதம் 4,500 வீதம் சேர்த்தால் இருபத்தோரு மாதத்துக்கு மேலாகும். இதைக் கேட்டதும் சோர்வு வருவது இயல்புதான். ஆகவே சம்பளத்துக்கு மேல் வரும் பணத்தை இதற்கென்றே ஒதுக்குவது நல்லது. போனஸ் பெறத் தகுதியுள்ள தொழிலாளருக்கு, சட்டம் கணக்கில் கொள்ளும் ஆண்டு ஊதியத்தில் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ் கிடைக்க வேண்டும். தீபாவளிச் செலவுக்குத்தான் ஏற்கெனவே மாதாமாதம் பணம் எடுத்து வைக்கிறோமே, போனஸை அப்படியே அவசரக் கையிருப்பில் சேர்த்துவிடலாம். மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வரும் வீடுகளில், அது குடும்பத் தலைவியின் பெயரிலேயே தனிக் கையிருப்பாக வளர்வது இன்னும் நல்லது.

இந்தப் பணத்துக்கு வட்டி எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனையில் முன்பணம் கேட்டால் எடுத்துக் கொடுக்க முடிகிறதா என்பதே இதற்கான சோதனை. ஒரு பகுதியைச் சேமிப்புக் கணக்கிலும் மீதியை எப்போது வேண்டுமானாலும் முறிக்கக்கூடிய வைப்பிலும் வைத்தால் போதும்.

மொய்யைக் கடன் என்று கணக்கில் சேர்க்க வேண்டுமா?

சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. வங்கிக்குக் கடன் இல்லாதவர் யாருக்குமே கடன்படாதவர் என்று சொல்வதற்கு முன் வீட்டு மொய் நோட்டை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். காதணி விழாவிலும் புதுமனைப் புகுவிழாவிலும் நமக்கு எழுதப்பட்ட தொகையில், நாம் இன்னும் திருப்பி எழுதாதது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். அதற்கு வட்டியும் தவணைத் தேதியும் இல்லையென்றாலும், அழைப்பிதழ் வந்த அன்று அது நிலுவைக்கு வந்துவிடுகிறது. வாங்கியதோடு கொஞ்சம் கூட்டி எழுதுவதே முறை என்பதால் வட்டி இல்லை என்றும் முழுமையாகச் சொல்ல முடியாது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பகுதிகளிலும் தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணிப் பகுதியிலும் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே விருந்து வைப்பவர் பெறும் தொகை தொழில் தொடங்கவும் கடனை அடைக்கவும் நிலம் வாங்கவும் பயன்படும் அளவுக்குப் பெரிது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதைத் திருப்பிச் செய்ய வேண்டிய பொறுப்பும் அதே அளவு பெரிது. அந்த ஊர்க்காரர்கள் இதை வரவாக மட்டும் பார்ப்பதில்லை, திருப்பிச் செய்யும் கணக்கைக் கவனமாக எழுதி வைக்கிறார்கள். மற்ற ஊர்களில் சிறிய அளவில் மொய் வாங்கும் நாம்தான் அதை மறந்துவிட்டு, மூன்று முகூர்த்தம் சேர்ந்து வரும் ஆவணியில் திணறுகிறோம்.

கடந்த மூன்று ஆண்டில் எழுதிய மொய்யின் சராசரியை ஆண்டுச் செலவில் சேர்த்துவிடுங்கள். தாய்மாமன் சீர், வளைகாப்பு போன்ற பெரிய கடமைகள் தெரிந்தே வருபவை. அக்காள் மகளின் வயதைக் கணக்கிட்டாலே செலவு வரும் ஆண்டு தெரிந்துவிடும். அதற்குத் தனியாகச் சேர்க்கத் தொடங்குவதை யாரும் கஞ்சத்தனம் என்று சொல்ல மாட்டார்கள். கடன் வாங்கிச் செய்த சீரால் பிற்பாடு வரும் மனக்கசப்பைப் பார்த்தவர்கள் நிச்சயம் சொல்ல மாட்டார்கள்.

மீட்ட நகையை வீட்டில் வைப்பதா, வங்கிப் பெட்டகத்தில் வைப்பதா?

தினமும் அணிவதைத் தவிர மற்றதைப் பெட்டகத்தில் வைப்பதே நல்லது. காரணம் திருட்டுப் பயம் மட்டும் அன்று. கையெட்டும் தூரத்தில் நகை இருந்தால், பணம் தட்டும்போது அடகுக் கடைதான் முதலில் நினைவுக்கு வரும். பெட்டகம் வரை போய், கையெழுத்திட்டு, எடுத்து வர வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறதா என்று யோசிக்க ஒரு நாள் கிடைக்கிறது. ஆனால் பெட்டகத்தில் வைப்பது காப்பீடு செய்வதற்குச் சமம் என்று நினைக்க வேண்டாம். தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு ஏற்பட்டால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரை மட்டுமே. வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம் ரூபாய். நகையின் மதிப்பு அதற்கு மேல் இருந்தால் தனியாகக் காப்பீடு செய்யலாம்.

சீட்டுப் போடலாமா?

எந்தச் சீட்டு, எதற்காக என்பதைப் பொறுத்தது. ஏலச் சீட்டு நடத்த 1982-ஆம் ஆண்டின் சிட்பண்ட்ஸ் சட்டப்படி பதிவு கட்டாயம். நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பதிவு செய்த சீட்டில் சேர்ந்து, கடைசி மாதங்கள் வரை பொறுத்திருந்து எடுத்தால் அது சேமிப்பு. மூன்றாம் மாதமே ஏலத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடியாக விட்டுக்கொடுத்து எடுத்தால் அது கடன். மீதி மாதங்களில் நீங்கள் கட்டுவது தவணைதான். கடனிலிருந்து மீண்ட பலர் இந்த வழியாக மறுபடி உள்ளே போவதற்குக் காரணம், சீட்டு எடுத்ததை யாரும் கடன் என்று சொல்வதில்லை என்பதே.

தெரிந்தவர் நடத்துகிறார் என்ற ஒரே நம்பிக்கையில் பதிவில்லாச் சீட்டிலும் தீபாவளிச் சீட்டிலும் பணம் கட்டுவது வேண்டாம். நடத்துபவர் நல்லவராகவே இருக்கலாம். கட்டாத நாலு பேரால் அவரும் மூழ்கிப்போவதுண்டு. நகைக் கடைகளின் பதினொரு மாதத் திட்டமும் வங்கி வைப்பு ஆகாது. அதற்கு வைப்புக் காப்பீடு கிடையாது. முதிர்ந்த பின் பணமாகப் பெற முடியாமல் நகையாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். எப்படியும் நகை வாங்கப் போகிறவர்களுக்கு அது பொருந்தலாம், பள்ளிக் கட்டணத்துக்குச் சேர்ப்பவர்களுக்குப் பொருந்தாது.

வங்கி வைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவருக்கு ஒரு வங்கியில் உள்ள எல்லா வைப்புகளுக்கும் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போடும் வைப்புக்குப் பொருந்தாது.

கிரெடிட் கார்டை வெட்டிப் போட்டுவிடலாமா?

கடனுக்குக் காரணமே அந்த அட்டைதான் என்றால் முறைப்படி மூடிவிடுங்கள்; வெட்டிப் போட்டால் அட்டைதான் போகும், கணக்கும் ஆண்டுக் கட்டணமும் போகாது. வைத்துக்கொள்வதானால் முழுத் தொகையையும் உரிய தேதிக்குள் கட்டுபவராக மட்டுமே இருக்க வேண்டும். 20,000 ரூபாய் பாக்கிக்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 700 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 126 ரூபாய். குறைந்தபட்சத் தொகை என்று நீங்கள் 1,000 ரூபாய் கட்டினால் அசலில் குறைவது 174 ரூபாய் மட்டுமே. போதாக்குறைக்கு, பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது.

கடையில் வட்டியில்லாத் தவணை என்கிறார்களே?

முழுப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் குறைக்கும் தொகைதான் வட்டி. அதனுடன் செயலாக்கக் கட்டணத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

காப்பீடு இப்போது தேவையா? கொஞ்சம் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

ஒத்திப்போடக் கூடாத செலவு இது ஒன்றுதான். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள தொழிலாளர், தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பார், சம்பளம் அந்த எல்லையைத் தாண்டினால் சில மாதங்களில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும் என்பதைச் சம்பள உயர்வின் மகிழ்ச்சியில் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டிலும் வராதவர்கள் சொந்தமாக மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீடுகளுக்கு 18 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுள்ளது.

வங்கிக் கணக்கு உள்ள எவரும் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டை ஆண்டுக்கு 436 ரூபாய்க்கும், சுரக்ஷா விபத்துக் காப்பீட்டை 20 ரூபாய்க்கும் எடுக்கலாம்; இரண்டும் தலா 2 லட்சம் ரூபாய்க்கானவை. முன்னதில் 18 முதல் 50 வயது வரையிலும், பின்னதில் 70 வயது வரையிலும் சேரலாம். சம்பாதிப்பவர் ஒருவரே என்ற வீட்டுக்கு இவை போதா. சேமிப்பு எதுவும் கலக்காமல், குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் டெர்ம் பாலிசி ஒன்றும் வேண்டும். சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசியைத் தெரிந்தவர் வற்புறுத்தினார் என்பதற்காக எடுத்து, இரண்டாம் ஆண்டே கட்ட முடியாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் எங்கள் முதுமைக்கும் எப்போது சேர்க்கத் தொடங்குவது?

அவசரக் கையிருப்பு பாதியாவது சேர்ந்த பிறகு, சிறிய தொகையில். பத்து வயதுக்குட்பட்ட மகள் இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 250 ரூபாயிலிருந்து 1.5 லட்சம் ரூபாய் வரை போடலாம். 15 ஆண்டு கட்ட வேண்டும். கணக்கு 21 ஆண்டில் முதிரும். 18 வயதுக்குப் பின் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். பொது வருங்கால வைப்பு நிதி எனும் பி.பி.எப். கணக்கு 15 ஆண்டுக்கானது. ஆண்டுக்கு 500 ரூபாய் போட்டாலே உயிரோடு இருக்கும். இவற்றின் வட்டியை அரசு காலாண்டுதோறும் அறிவிக்கிறது. எடுக்க முடியாத பணத்தில் அதிகம் போட்டுவிட்டு, அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்குபவர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் வரிசையை வலியுறுத்துகிறேன்.

வீட்டுக் கடன் முடிந்ததால் வருமான வரி கூடிவிடுமா?

பழைய வரி முறையில் இருந்தவருக்கு வட்டிக்கான 2 லட்சம் ரூபாய் வரையிலான கழிவு நின்றுபோகும் என்பது உண்மை. ஆனால் 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு, மாதச் சம்பளக்காரருக்கு நிலையான கழிவு சேர்த்து 12.75 லட்சம் வரை, வரி இல்லை. பெரும்பாலோருக்கு மாறிக்கொண்டால் முடிந்தது.

கடன் முடிந்த செய்தி தெரிந்ததும் உறவினர்கள் கைமாற்றுக் கேட்கிறார்கள். மைத்துனர் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். எப்படி மறுப்பது?

இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். கைமாற்றில் உங்கள் இழப்பு கொடுத்த தொகையோடு நின்றுவிடும். திரும்பி வராவிட்டாலும் உறவு கெடாது என்ற அளவுக்கு மட்டும் கொடுங்கள். அதற்கு மேல் என்றால் புரோநோட்டு எழுதி வாங்குங்கள். எழுதிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இடையில் ஒரு பகுதியைக் கட்டி அதிலேயே எழுதிக் கையொப்பமிட்டால் அன்றிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும்.

ஜாமீன் வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்கு இணையானது. வங்கி அவரைத் தேடிவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை. அந்தக் கடன் உங்கள் கடன் அறிக்கையிலும் இடம்பெறும். மைத்துனரிடம் நேராகச் சொல்லிவிடுவதே மரியாதை: "கையெழுத்து மட்டும் என்னால் முடியாது மாப்பிள்ளை, கையில் இருப்பதில் பத்தாயிரம் தருகிறேன், முடிந்தபோது கொடுங்கள்." அன்று வருத்தப்படுவார். பிறகு இருவரும் சேர்ந்து வங்கிக்கு அலைவதைவிட அந்த வருத்தம் சிறிது.

இத்தனை ஆண்டு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அடைத்தோம். ஒரு ஆசைக்குக்கூடச் செலவு செய்யக் கூடாதா?

தாராளமாகச் செய்யுங்கள், செய்யவும் வேண்டும். தவணைக்குப் போகாத முதல் மாதத் தொகையில் பாதியை, எட்டாயிரமோ எட்டரை ஆயிரமோ, குடும்பம் கூடிப் பேசி ஒரு பொருளுக்கோ ஒரு பயணத்துக்கோ செலவழிக்கலாம். கொடைக்கானலுக்கு இரண்டு நாள் போய்வந்த குடும்பம் அதை ஐந்து ஆண்டு பேசும். மாதந்தோறும் நிற்காமல் போகிற செலவைத்தான் தொடங்கக் கூடாது: புதிய ஓ.டி.டி. சந்தா, பெரிய கைபேசித் திட்டம், வாரந்தோறும் ஓட்டல் சாப்பாடு ஆகியவை தவணையைவிட நீண்ட நாள் நீடிப்பவை.

கணக்கு எழுத ஆரம்பித்தால் பத்து நாளில் விட்டுவிடுகிறோம்.

ஒவ்வொரு ரூபாயையும் எழுத முயல்வதால்தான் அப்படி ஆகிறது. ஆண்டுச் செலவுப் பணம் தனிக் கணக்குக்குப் போய்விட்ட பிறகு, சம்பளக் கணக்கில் எஞ்சியிருப்பதைப் பதினைந்தாம் தேதி ஒருமுறையும் இருபத்தைந்தாம் தேதி ஒருமுறையும் பார்த்தால் போதும். கணவன் மனைவி இருவரும் பார்க்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். ஒருவருக்கு மட்டுமே கணக்குத் தெரிந்த வீட்டில், மற்றவருக்குத் தெரியாமல் சிறு கடன் முளைப்பது எளிது. ஏதாவது ஒரு மாதம் தவறி ஆண்டுக் கணக்கிலிருந்து மூவாயிரம் எடுத்துவிட்டீர்கள் என்றால், எந்தச் செலவின் பங்கிலிருந்து எடுத்தோம் என்று எழுதி, அடுத்த இரண்டு மாதத்தில் நிரப்பிவிடுங்கள்.

இனி வாழ்நாளில் கடனே வாங்கக் கூடாதா? வீடு கட்டும் எண்ணம் இருக்கிறது.

வீட்டுக்காகக் கடன் வாங்குவதில் தவறில்லை. தவணை 15,000 ரூபாய் வரும் என்று வங்கி சொன்னால், விண்ணப்பிக்கும் முன் ஆறு மாதம் அந்தப் பதினைந்தாயிரத்தை மாதந்தோறும் ஒரு வைப்பில் கட்டிப் பாருங்கள். அந்த ஆறு மாதத்துக்குள் ஜூனோ தீபாவளியோ கட்டாயம் இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். கை வைக்காமல் ஆறு மாதமும் கட்ட முடிந்தால், சேர்ந்த 90,000 ரூபாய் பதிவுச் செலவில் ஒரு பகுதிக்கு ஆகும். நான்காம் மாதமே எடுக்க நேர்ந்தால் கடன் தொகையைக் குறைத்து மறுபடி முயலுங்கள். மாறும் வட்டி விகிதத்தில் தனிநபர் பெறும் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்கக் கட்டணம் கிடையாது என்பதால், கையெழுத்திடும் முன் அது மாறும் வட்டிதானா என்று மேலாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.